முதுகில் இரண்டு விரல்

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மேடம் அவர்களை முதலில் உட்கார விடமாட்டார். பையைக் கீழே வைக்கக்கூட நேரம் தரமாட்டார். வாசலிலேயே பிடித்துவிடுவார். வலது கையின் இரண்டு விரலை அவர்கள் முதுகில் வைத்து லேசாக ஒரு தள்ளு. வந்தவர் அரை அடி முன்னால் போய் நிற்பார். அதற்குப் பிறகுதான் மேடம், இவர் இன்னார் என்று பேச்சைத் தொடங்குவார்.

என்னையும் அப்படித்தான் தள்ளினார்.

புனேயில் ஒரு பல்கலைக்கழகம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக அதில் தனியாக ஒரு ஆபீஸ். மேடம் அங்கே கிளார்க். நான் பெருக்கித் துடைத்து டீ போடுகிறவள். எல்லோரும் என்னை மாவ்ஷி என்பார்கள். சித்தி என்று அர்த்தம். இந்த ஊரில் துடைப்பம் பிடித்தவள் எல்லோருக்கும் சித்திதான். பெயரை யாரும் கேட்பதில்லை. அது எனக்கும் வசதி.

முதல் நாள் வாளியோடு போய், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இந்தியில் கேட்டேன். என் இந்தியைக் கேட்டதுமே மேடம் எழுந்து வந்துவிட்டார்.

"தமிழுங்களா? எந்த ஊருங்க்கா?"

"செய்யாறு பக்கம் மேடம்."

"நானு கோயமுத்தூருங்க்கா. அந்த வாளிய அப்படி வெச்சுட்டு வாங்க."

வைத்தேன். முதுகில் விரல் பட்டது. என் கதையை எல்லாம் கேட்டுக்கொண்டே அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனார். டைரக்டர் சார் அறைக்கும் போனோம். மராத்தியில் சொன்னார். பாதி புரிந்தது. இவங்க நாலு பாஷை பேசுவாங்க, முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அங்க இவங்கள விடவே யாருக்கும் மனசில்ல என்கிறார்.

ஆஸ்பத்திரியில் நான் இருந்தது உண்மை. கொஞ்ச நாள் கூட்டினேன். நான் வேலையை விட்டு நின்றபோது யாரும் அழவில்லை.

டைரக்டர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எனக்கு நமஸ்காரம் சொன்னார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்து கேட்டேன். "இன்னாத்துக்கு மேடம் இல்லாததெல்லாம் சொல்றீங்க?"

"என்னங்க்கா இல்லாதது? நாலு பாஷை பேசறீங்களா இல்லீங்களா?"

"பேசறேன். தப்புத் தப்பா."

"அதையும் நானே சொல்லோணுங்களா? பொறவு அவங்களே கண்டுபுடிச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பொய் சொல்கிறவர் சிரிப்பு இல்லை அது. பரிசு கொடுத்தவர் சிரிப்பு.

மேடம் அப்படித்தான். இல்லாததைச் சொல்லமாட்டார். இருப்பதை ஊதுவார். ஊதி ஊதி, பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவாகத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆபீசில் அப்படி ஒரு வழக்கமும் முன்னால் இல்லையாம். புதிதாக வருகிறவர் வந்து உட்கார்வார், ஒரு நாள் போய்விடுவார். முக்கால்வாசி பேர் ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள். நிலைத்து யாரும் இருப்பதில்லை.

சாங்லியிலிருந்து ஒரு கணக்கர் வந்தார். வழுக்கை. எதிலும் முகம் மாறாதவர். காலையில் ஃபைல் தேடும்போது வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தார். அது மேடம் காதில் விழுந்துவிட்டது. அன்று மதியமே அறிமுகம். "இவர் பாடகர். விட்டலன் மேல அபங்கம் எல்லாம் அருமையா பாடுவார்."

கணக்கர், இல்லை என்று தலையாட்டினார். யாரும் பார்க்கவில்லை. யாருக்கோ பிரிவு உபசாரம் நடந்தபோது அவரை எழுப்பி நிறுத்திவிட்டார்கள். பாடினார். சுமார்தான். அடுத்த தடவை கொஞ்சம் நன்றாக இருந்தது. பிறகு தெரிந்தது, அவர் வீட்டுப் பக்கத்தில் ஒருவரிடம் பாட்டு கற்றுக்கொள்கிறாராம். ஐம்பது தாண்டிய மனுஷன். என்னிடம் டீ வாங்கும்போது சொன்னார்: "மாவ்ஷி, அந்த அம்மா சொல்லிட்டாங்க. இப்ப நான் பாடகரா ஆகியாகணும். வேற வழியில்ல."

திட்டுகிறாரா சந்தோஷப்படுகிறாரா, தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

வரவேற்பு மேஜைக்கு ஒரு பெண் வந்தாள். பேச்சு திக்கும். மேடம் அவளைப் பிள்ளைகளிடம் நிறுத்தி, "இவங்க நிதானமா பேசுவாங்க. உங்களுக்கு நல்லா புரியும்" என்றார். அப்படியே ஆனது. வேகமாக இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம் முழித்த பிள்ளைகள் இவளிடம் வரிசையில் நின்றார்கள். அவள் திக்குவதும் குறைந்தது.

புதிதாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வந்தபோது கணக்கர் கேட்டார். "மேடம், இவர் யாரு, எந்த ஊரு, சொல்லலியா?" எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். ஆனாலும் மெஷின் மேல் கையை வைத்து, "பூனா முனிசிபாலிட்டித் தண்ணியவே குடிக்க வைக்கறவரு" என்றார்.

நவராத்திரிக்கு ஒரு தடவை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வாகட் என்கிற பகுதியில் ஃபிளாட். கொலு வைத்திருந்தார். மகன் சோபாவில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி, "டேய், இவங்க அம்மாவோட ஃபிரண்டு" என்றார். பையன் நல்ல பையன். தமிழ் வராது. "ஆன்ட்டி, நீ சாப்பிட்டுச்சா?" என்றான். மேடம் அவன் தலையில் குட்டினார்.

அப்போது கீழ் வீட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் புதியவர்கள். மேடத்தின் வீட்டுக்காரர் ஹிஞ்சவாடியில் கம்பெனியில் இருப்பவர். அவர்தான் எழுந்து வரவேற்றார். மேடத்தைக் காட்டி, "மை வைஃப். யுனிவர்சிட்டியில ஏதோ போயிட்டு வந்துட்டிருக்கா. டைம் பாஸ்" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். தட்டில் சுண்டல் இருந்தது. அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றார்.

நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போட்டேன்.

இதெல்லாம் நன்றாக இருந்த காலம்.

பிறகு ஒரு பையன் வேலைக்கு வந்தான். லாத்தூர்ப் பையன். ஒப்பந்தம்தான். முன்னால் ஒரு டிராவல்ஸில் இருந்தவன். காசிக்கும் சார்தாமுக்கும் டிக்கெட் போடுவது வேலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் இந்த நாட்டில் தங்குவதற்குப் போலீசில் அனுமதி வாங்க வேண்டும். அது முடிவதற்குள் மறுபடி கேட்க வேண்டும். அதற்கு ஆபீஸ் கடிதம் தர வேண்டும். அந்த மேஜைக்குத்தான் பையன் வந்தான்.

பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்து டீ கொடுத்தோம். சமோசா இருந்தது. மேடம் பையனை முன்னால் தள்ளினார். பையனுக்குக் காது சிவந்திருந்தது. மேடம் இந்தியில் சொன்னார், பிறகு இங்கிலீஷில் சொன்னார்.

"இவர் எத்தனையோ பேரை ஊர் ஊரா அனுப்பி வெச்சவர். விசா விஷயத்துல உஸ்தாத்!"

நம் ஆட்கள் சிரித்தார்கள். இந்தியில் உஸ்தாத் என்றால் கில்லாடி என்கிற மாதிரி. ஆட்டோக்காரனையும் சொல்வார்கள், கேரம் ஆடுகிறவனையும் சொல்வார்கள். பையனும் சிரித்துவிட்டுக் கும்பிட்டான்.

பின் வரிசையில் சூடான் நாட்டுத் தம்பி ஒருவன் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் வந்தபோது சூடான் என்றான். நான் டீ கேட்கிறான் என்று நினைத்துச் சூடாகக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா அது என் நாடு" என்றான். அதிலிருந்து எனக்குப் பழக்கம். என்னைக் காலா என்று கூப்பிடுவான். இந்திக்காரர்கள் சிரிப்பார்கள், காலா என்றால் அவர்களுக்குக் கருப்பு. அவன் ஊரில் காலா என்றால் அம்மாவின் தங்கை. அதே சித்திதான். அவன் சொன்னபோது எனக்கு நன்றாகவே இருந்தது.

அவன் ஊரில் சண்டை. வீடு இருந்த தெருவே இப்போது இல்லை என்றான். அம்மா பக்கத்து நாட்டில் யாரோ உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். இவனுக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி. அதை எழுதிவிட்டால் பட்டம். பட்டம் கிடைத்தால் வளைகுடாவில் வேலை, அம்மாவைக் கூட்டிக்கொள்ளலாம். அதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான். எழுதும் வரை இங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அனுமதி முடிய இன்னும் நாள் இருக்கும்போதே காகிதங்களைப் பையனிடம் கொடுத்துவிட்டான். பையன் வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றான். தம்பி அவ்வப்போது வருவான். பையன் மேஜை எதிரில் நிற்பான். பையன் போனில் இருந்தால் திரும்பிவிடுவான். என்னிடம் டீ வாங்கிக் குடிப்பான்.

"இன்னாப்பா, வேலை ஆச்சா?"

"ஆகும் காலா. உஸ்தாத் பாத்துக்கறார்."

எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை. உஸ்தாத் என்று அவன் சொல்லும்போதெல்லாம் மேடத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தான் வைத்த பேர் ஒட்டிக்கொண்டதே என்று.

நாள் தாண்டிவிட்டது. போலீஸ் ஆபீசில் எழுத்து வாங்கிக்கொண்டு தம்பி வந்தான். நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தது.

மேடம் அதைப் படித்தார். உட்காரவில்லை. பையனை டீ போடும் இடத்துக்குக் கூப்பிட்டார். அங்கேதான் கதவு உண்டு. தம்பியும் வந்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓரமாக நின்றேன். இந்தியில் பேசினார்கள்.

"ஏன் அனுப்பல?" என்றார் மேடம்.

பையன் தரையைப் பார்த்தான். "பரீட்சை தேதி வந்த பிறகுதான் அனுப்பணும்னு நினைச்சேன் மேடம்."

"நினைச்சியா? தெரியலைன்னா கேக்கலாம்ல? நான் பக்கத்து மேஜையிலதானே இருக்கேன்?"

"எப்படிக் கேப்பேன் மேடம்? இத்தனை பேர் முன்னாடி உஸ்தாத்னு சொன்னீங்க. நான் இதுவரைக்கும் ரயில் டிக்கெட்தான் போட்டிருக்கேன். அப்புறம் போய் உங்ககிட்டயே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

அவன் அழுதுவிட்டான். சின்ன வயசு. மேடம் அவனை விட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினார்.

"நீயாவது அவசரப்படுத்தியிருக்கலாமே. அடிக்கடி வந்து நின்னியே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

தம்பிக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மேடம், எங்க ஊர்ல உஸ்தாத்னா பெரிய வாத்தியார். காலேஜ்ல பாடம் நடத்தறவர். அவர் பாத்துக்கறேன்னு சொன்னா மறுபடி கேக்கக் கூடாது. கேட்டா அவரை நம்பலைன்னு அர்த்தம். நீங்கதானே சொன்னீங்க, இவர் உஸ்தாத்னு."

கெட்டிலில் பால் ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மேடம் ஓடாத இடம் இல்லை. டைரக்டர் சார் அறை. போலீஸ் ஆபீஸ். மறுபடி போலீஸ் ஆபீஸ். காலையில் போவார், மதியத்துக்கு மேல் வருவார். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பும். ஒரு நாள் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "தப்பு அந்த ஸ்டூடண்ட் மேல இல்லைன்னு எனக்கும் தெரியுது மேடம். ஆனா கம்ப்யூட்டர்ல தேதி தாண்டிடுச்சு. நீங்க யாரு, என்ன பதவி?" என்று கேட்டார்.

மேடம் சொன்னார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது மேடம் தமிழில் சொன்னார். "ஒரு வார்த்தைங்க்கா. சிரிக்கறதுக்குன்னு சொன்ன வார்த்தைங்க்கா அது."

அவுந்த் சிக்னலில் நின்றோம். மேடம் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

லாத்தூர்ப் பையன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவன் மேஜையில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். நான் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்தேன்.

தம்பி கிளம்புகிற நாள். ஹாஸ்டல் வாசலில் மும்பை விமான நிலையத்துக்குப் போகிற கார் நின்றது. நல்ல வெயில். இரண்டு பெட்டி. ஒரு பெட்டி முழுக்கப் புத்தகம். அதை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்று டிரைவர் கேட்டார். அவன் அதையே முதலில் டிக்கியில் ஏற்றினான். மேடம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நானும் போயிருந்தேன்.

அப்போது அவன் போன் அடித்தது. அம்மா. முகம் தெரிகிற வீடியோ கால். தலையில் வெள்ளைத் துணி போட்ட அம்மா. என்னைவிட வயசு குறைவாக இருக்கும். ஆனால் கிழவி மாதிரி ஆகியிருந்தார்.

தம்பி மேடத்தைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினான். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் பாஷையில் நீளமாகப் பேசினான். இடையில் மேடம் பக்கம் கையைக் காட்டினான். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அழுதார். ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"என்னப்பா சொன்னே?" என்று மேடம் கேட்டார்.

"உங்களைப் பத்திச் சொன்னேன். இந்த ஊர்லயே பெரிய ஆபீசர் இவங்கதான், எனக்காக எல்லா இடத்துக்கும் போனாங்க, இவங்க இல்லைன்னா என்னை ஜெயில்ல வெச்சிருப்பாங்கன்னு சொன்னேன்."

"பெரிய ஆபீசரா? நானா?"

"அம்மாவுக்கு நிம்மதியா இருக்கணும்ல மேடம்."

அந்த அம்மா மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை நன்றி மாதிரி இல்லை. தம்பி போனைத் தாழ்த்தினான்.

"அம்மா என்ன கேக்கறாங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். உங்களுக்காக துஆ செய்யறாங்க."

"இல்ல. கேள்வி மாதிரி இருக்கு. சொல்லு."

அவன் டிரைவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அவ்வளவு பெரிய ஆபீசர்னா, பரீட்சை வரைக்கும் உன்னை அங்கயே வெச்சுக்கச் சொல்லக் கூடாதான்னு கேக்கறாங்க."

மேடம் அவன் கையிலிருந்த போனை இரண்டு கையாலும் வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். இந்தி தெரியும், மராத்தி தெரியும். அன்றைக்கு வாயில் தமிழ்தான் வந்தது.

"நான் ஆபீசர் இல்லீங்கம்மா. நான் கிளார்க்குங்க. சாதாரண கிளார்க்குங்க. என்னால ஒன்னும் முடியலீங்க."

அந்த அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. தலையைத் தலையை ஆட்டினார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மறுபடி அதே நன்றி வார்த்தையைச் சொன்னார்.

கார் போய்விட்டது. எலுமிச்சை சாதத்தைக் கொடுக்க மறந்துவிட்டோம். பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆளுக்குக் கொடுத்தேன்.

தம்பி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஒரு தடவை மேடத்துக்கு மெசேஜ் வந்தது, நலமாக இருக்கிறேன் என்று. ஊர் பேர் இல்லை. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

மழை தொடங்கும்போது ஆபீசுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தம்பியின் காகிதம் கிடந்த அதே மேஜைக்கு. வாசலில் நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். கணக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மேடம் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கணக்கர் பேனாவைத் திறந்துகொண்டார். அந்தப் பெண் தானே மேஜையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மாவ்ஷி, அந்த மூலையில இருக்கற மேடம் யாரு?"

மெதுவாகத்தான் கேட்டாள். மேடத்துக்குக் கேட்டுவிட்டது. டைப் அடிப்பது நின்றது. முதுகு எங்கள் பக்கம் இருந்தது. திரும்பவில்லை.

சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. நாலு பாஷையில் இருந்தது.

"கிளார்க்" என்றேன்.

மேடம் மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தார்.